இதில் எது தகவல், எது அபிப்பிராயம்? எங்கள் குடியிருப்புக் குழுவில் வந்த ஒரு செய்தியைப் பிரித்துப் பார்க்க உதவுங்கள்

முடிச்சூர்_வாசுகி

எல்லோருக்கும் வணக்கம். போன மழைக்காலத்தில் ஒரு ராத்திரி நடந்ததை எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மணி ஒன்பதே முக்கால் இருக்கும். எங்கள் தெருக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது. படித்த அடுத்த நிமிடமே டிவியை அணைத்துவிட்டு, ரேஷன் கார்டு, பேங்க் பாஸ்புக், அம்மாவின் மாத்திரை டப்பா எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு, 74 வயது அம்மாவைக் கைப்பிடித்து மாடி வீட்டுக்கு ஏற்றினேன். மழையில் படிக்கட்டு வழுக்கியது. ஏழாவது படியில் அம்மா விழுந்தார். மணிக்கட்டு எலும்பு முறிவு, ஆறு வாரம் மாவுக்கட்டு. தண்ணீர் எங்கள் வாசல்படியைக்கூடத் தொடவில்லை.

நான் கிண்டியில் ஒரு கம்பெனியில் 19 வருடமாகக் கணக்குப் பார்க்கிறவள். வவுச்சர் இல்லாமல் ஐம்பது ரூபாயைக்கூட பாஸ் பண்ண மாட்டேன். அந்தச் செய்திக்கு மட்டும் வவுச்சர் எங்கே என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது. செய்தியை அப்படியே கீழே போடுகிறேன். இதில் எது தகவல், எது போட்டவருடைய அபிப்பிராயம், சாய்வு எங்கே இருக்கிறது என்று தெரிந்தவர்கள் பிரித்துக் காட்டுங்கள். அடுத்த மழைக்கு முன்னால் கற்றுக்கொள்ள வேண்டும்.

"அவசரம்!! செம்பரம்பாக்கம் ஏரி திறந்தாச்சு. 2015-ல் நடந்த அதே கொடுமை மறுபடியும். அப்போதும் 29,000 கன அடி திறந்துவிட்டு மக்களைக் கொன்றார்கள். அதிகாரிகள் வழக்கம்போல மௌனம். முடிச்சூர், வரதராஜபுரம், அனகாபுத்தூர், ஜாபர்கான்பேட்டை மக்கள் இன்றிரவே வெளியேறவும். அனைவருக்கும் பகிரவும்."

பிழைதிருத்தி_திருவல்லிக்கேணி

வாசுகிம்மா, அம்மாவின் கை இப்போது எப்படி இருக்கிறது? மாவுக்கட்டு பிரித்த பிறகு விரல்களை மடக்கி நீட்டச் சொல்லுங்கள், வயதானவர்களுக்கு விட்டுவிட்டால் விரல் இறுகிப்போகும்.

நான் ஒரு நாளிதழில் 31 வருடம் பிழை திருத்தியவன். பேர் வேண்டாம். ஒற்றுப்பிழை பார்க்கத்தான் சம்பளம், ஆனால் அத்தனை வருடம் மற்றவர்கள் எழுதிய வாக்கியத்தையே பார்த்துக்கொண்டிருந்தால், எந்த வாக்கியம் சொந்தக் காலில் நிற்கிறது, எது அடுத்தவர் தோளில் தொங்குகிறது என்று கண்ணுக்குப் பட ஆரம்பித்துவிடும்.

முதலில் வாக்கியத்தின் கடைசியைப் பாருங்கள், வினை எப்படி முடிகிறது என்று. நம் பாட்டிமார் "அவன் நேத்தே வந்துட்டானாம்" என்பார்கள். அந்த "ஆம்" ஒட்டியிருக்கிறவரை, நான் பார்க்கவில்லை, சொல்லக் கேட்டது என்று அர்த்தம். எத்தனை சின்ன ஒட்டு, எவ்வளவு நேர்மையான ஒட்டு! செய்தி கை மாறும்போது முதலில் உதிர்வது அதுதான். ஒருவர் "தண்ணீர் வரத்தைப் பொறுத்து ஏரி திறக்கப்படலாம்" என்று எழுதியிருப்பார். அடுத்தவர் "திறக்கப் போகிறார்களாம்" என்று அனுப்புவார். மூன்றாமவர் "திறக்கப் போகிறார்கள்". நாலாமவர் "திறந்தாச்சு". யாரும் வேண்டுமென்று பொய் சொல்லவில்லை, ஆளுக்கு ஓர் எழுத்தைத்தான் விட்டார்கள்.

அச்சில் வரும் செய்திக்கும் இதே மாதிரி சில இடங்கள் உண்டு. "என்று கூறப்படுகிறது" என்றால் யார் கூறினார்? எழுவாயே இல்லை. "தெரிகிறது" என்றால் யாருக்குத் தெரிகிறது? அப்புறம் "என்பது குறிப்பிடத்தக்கது". இதைப் பற்றி எனக்குப் பெரிய வருத்தமே உண்டு. இதற்கு முன்னால் வருவது பெரும்பாலும் சரியான தகவலாகத்தான் இருக்கும். ஆனால் அதைக் குறிப்பிடத்தக்கது என்று முடிவு செய்தது யார்? எழுதியவர். ஒரு திருட்டு வழக்குச் செய்தியின் கடைசி வரியில் "கைதானவர் இன்ன ஊரைச் சேர்ந்தவர் என்பது குறிப்பிடத்தக்கது" என்று போட்டால், தகவல் உண்மை, ஆனால் அந்த வரி அங்கே உட்கார்ந்திருப்பதே ஒரு குற்றச்சாட்டு. இன்னொரு ஊர்க்காரர் கைதானபோது அந்த வரி இல்லாமலே செய்தி போயிருக்கும்.

சொல்வது என்ற ஒரே செயலுக்கு எத்தனை வினை வைத்திருக்கிறோம் பாருங்கள். ஒரு பொறியாளர், வடிகால் வேலை டிசம்பரில் முடியும் என்கிறார். அவர் சொன்னது அவ்வளவுதான். "டிசம்பரில் முடியும் என்று உறுதியளித்தார்" என்று எழுதினால் நல்லவர். "டிசம்பர் வரை ஆகும் என்று ஒப்புக்கொண்டார்" என்றால் குற்றவாளி. "டிசம்பரில் முடியும் என்று மழுப்பினார்" என்றால் புளுகர். மேற்கோள் குறிக்குள் இருப்பது அந்த மனிதருடையது, அதற்கு வெளியே இருக்கும் வினை எழுதியவருடையது. படிக்கும்போது அந்த வினையை எடுத்துவிட்டு வெறும் "சொன்னார்" போட்டுப் படித்துப் பாருங்கள். மிச்சம் என்ன நிற்கிறதோ அதுதான் தகவல்.

உங்கள் செய்தியில் "வழக்கம்போல" என்று ஒரு சொல் இருக்கிறதே, அது ஒன்றே போதும், எழுதியவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்று காட்ட.

கணக்கு_டீச்சர்_பெரம்பூர்

ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் தகவல் எது, கருத்து எது என்று கேட்டால், உண்மையாகத் தோன்றுவதைத் தகவல் என்றும் பிடிக்காததைக் கருத்து என்றும் எழுதிவிடுவார்கள். பெரியவர்களும் அப்படித்தான். அமெரிக்காவில் பியூ ஆய்வு மையம் 2018-ல் 5,000 பேருக்கு மேல் கேட்டுப் பார்த்தது. ஐந்து தகவல் வாக்கியங்களையும் தகவல் என்று சரியாகச் சொன்னவர்கள் 26 சதவீதம்தான். ஐந்து கருத்து வாக்கியங்களையும் சரியாகப் பிரித்தவர்கள் 35 சதவீதம்.

நான் சொல்லித்தருவது இது. ஒரு வாக்கியத்தைச் சரிபார்க்க வழி இருக்கிறதா? இருந்தால் அது தகவல் வகை, அது தப்பான தகவலாகவே இருந்தாலும். "சென்னை மெட்ரோ 2012-ல் ஓட ஆரம்பித்தது" என்பது தகவல் வகை வாக்கியம், தப்பு. கோயம்பேடு ஆலந்தூர் இடையே ஓடத் தொடங்கியது 2015 ஜூன் 29. "மெட்ரோவுக்கு இவ்வளவு செலவு தேவையில்லை" என்பது கருத்து, அதில் சரி தப்பு போட முடியாது, காரணம் வலுவாக இருக்கிறதா என்றுதான் பார்க்க முடியும். அதனால் கருத்து என்றாலே மட்டம் என்று தள்ளிவிடக் கூடாது.

உங்கள் செய்தியில் "ஏரி திறந்தாச்சு" சரிபார்க்கக்கூடியது. "29,000 கன அடி" சரிபார்க்கக்கூடியது. "அதிகாரிகள் மௌனம்" என்பதும்கூட, பார்க்கத் திட்டு மாதிரி இருந்தாலும், சரிபார்க்கக்கூடியதுதான், அன்றைக்கு அறிவிப்பு வந்ததா இல்லையா என்று பார்த்தால் போதும். "அதே கொடுமை மறுபடியும்" என்பது இன்னும் நடக்காத ஒன்றைப் பற்றிய கணிப்பு, அதன் மேல் ஒரு தீர்ப்பும் ஏறியிருக்கிறது.

வாசுகி, அன்றைக்கு எத்தனை கன அடி திறந்தார்கள் என்று பிறகாவது தெரிந்ததா?

முடிச்சூர்_வாசுகி

தெரிந்தது டீச்சர். மறுநாள் எலும்பு டாக்டருக்குக் காத்திருக்கும்போது தேடிப் பார்த்தேன். விநாடிக்கு 100 கன அடி. அன்று மாலையே மாவட்ட நிர்வாகம் அறிவிப்பும் போட்டிருந்தது, கரையோரம் இருப்பவர்கள் எச்சரிக்கையாக இருக்கச் சொல்லி. ஆக மௌனம் என்பதும் பொய்.

கணக்கு_டீச்சர்_பெரம்பூர்

அப்படியென்றால் அந்தச் செய்தியில் இருந்த ஒரே எண், அன்றைய ராத்திரியைப் பற்றிய எண்ணே இல்லை. 29,000 என்பது 2015 சென்னை வெள்ளத்தின்போது, டிசம்பர் 1-ஆம் தேதி திறந்த எண். 100 எங்கே, 29,000 எங்கே, 290 மடங்கு. விநாடிக்கு 29,000 கன அடி ஒரு நாள் முழுக்க அதே வேகத்தில் போனால் 2.5 டிஎம்சி தண்ணீர் ஆகும் (ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி). ஏரியின் மொத்தக் கொள்ளளவே 3.645 டிஎம்சி. 100 கன அடி ஒரு நாள் போனால் 0.00864 டிஎம்சி. போன மழைக்காலத் திறப்பையும் 2015 திறப்பையும் ஒரே பத்தியில் அடுத்தடுத்து வைத்து, அந்த ராத்திரி எண்ணை மட்டும் விட்டுவிட்டார்கள். பொய்யான எண் ஒன்றுகூட இல்லாமலே படிக்கிறவர் மனதில் தப்பான கணக்கு விழுந்துவிட்டது.

கொளத்தூர்_தினேஷ்

எல்லாம் சரிங்க. ஆனால் தகவல் வேறு கருத்து வேறு என்று நீங்கள் பிரிப்பதே எனக்கு ஒப்பவில்லை. யார் சொல்கிறார்கள் என்று பார்த்தால் போதும். தமிழ்நாட்டில் இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஜெயா டிவி 1999-ல் வந்தது, மக்கள் தொலைக்காட்சி 2006, கலைஞர் தொலைக்காட்சி 2007. எது எந்தக் கட்சிப் பக்கம் என்று கேட்டால் எங்கள் தெரு இஸ்திரிக் கடை அண்ணன் தூக்கத்தில் சொல்வார். ஒரே நாள், ஒரே கூட்டம், ஒரு சானலில் மக்கள் வெள்ளம், இன்னொன்றில் காலி நாற்காலி. எல்லாமே சாய்வுதான். யாரையும் நம்பாமல் இருப்பதுதான் ஒரே வழி.

பிழைதிருத்தி_திருவல்லிக்கேணி

தம்பி தினேஷ், சானல் யாருடையது என்று தெரிந்துகொள்வது நல்லதுதான், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் உங்கள் உதாரணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மக்கள் வெள்ளமும் உண்மையாக இருக்கலாம், காலி நாற்காலியும் உண்மையாக இருக்கலாம், ஒன்று ஏழு மணிக்கு எடுத்தது, ஒன்று நாலரைக்கு எடுத்தது. அந்தப் படத்தில் எது விட்டுப்போயிருக்கும் என்று தேட, உரிமையாளர் யார் என்பது உதவும். வாக்கியம் பொய்யா மெய்யா என்பதை அது சொல்லாது. யாரையும் நம்ப மாட்டேன் என்பவர் கடைசியில் தனக்குப் பிடித்ததை மட்டும் நம்புவார், அதை நான் எங்கள் அலுவலகத்திலேயே நிறைய பார்த்துவிட்டேன்.

குன்றத்தூர்_முருகன்

நான் பொதுப்பணித்துறையில் நீர்ப்பாசனப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வாசுகி மேடத்திடம் ஒன்று கேட்க வேண்டும். இத்தனை பேர் வார்த்தை வார்த்தையாகப் பிரித்தீர்கள், அந்த ஊர்ப் பெயர்களை யாரும் தொடவில்லையே.

செம்பரம்பாக்கம் ஏரியின் உபரிநீர்க் கால்வாய் அடையாற்றில் எங்கே சேர்கிறது? திருநீர்மலைப் பக்கம். அடையாறு ஆதனூர்ப் பக்கமிருந்து மண்ணிவாக்கம், முடிச்சூர், வரதராஜபுரம், மேற்குத் தாம்பரம் என்று வந்து, அதற்கப்புறம்தான் திருநீர்மலைக்கு வருகிறது. அங்கே செம்பரம்பாக்கம் தண்ணீரை வாங்கிக்கொண்டு அனகாபுத்தூர், மணப்பாக்கம், நந்தம்பாக்கம், ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் என்று கடலுக்குப் போகிறது. உங்கள் முடிச்சூர் அந்தச் சேருமிடத்துக்கு மேலே இருக்கிறது மேடம். செம்பரம்பாக்கம் மதகைத் திறந்தால் அந்தத் தண்ணீர் உங்கள் தெரு வழியாகப் போகவே போகாது. கீழே ஆறு நிரம்பி நின்றால் மேலே வடிவது தாமதமாகும், அது வேறு விஷயம்.

செய்தியில் இருந்த நாலு ஊரில் இரண்டு ஊருக்குச் சம்பந்தம் உண்டு, இரண்டு ஊருக்கு நேரடிச் சம்பந்தம் இல்லை. நாலையும் ஒரே கமா போட்டு எழுதிவிட்டார்கள்.

முடிச்சூர்_வாசுகி

முருகன் சார், இதைப் படித்துவிட்டு கூகுள் மேப்பைத் திறந்து அரை மணி நேரம் ஆற்றின் மேல் விரலை வைத்து நகர்த்திக்கொண்டே இருந்தேன். நீங்கள் சொன்னபடிதான் இருக்கிறது. ஆனால் சார், 2015-ல் எங்கள் வீட்டில் ஜன்னல் மேல்கட்டை வரை தண்ணீர். அப்பாவின் போட்டோ, என் கல்யாண ஆல்பம், தையல் மிஷின் எல்லாம் போனது. பத்து வருடமாக செம்பரம்பாக்கம் செம்பரம்பாக்கம் என்றுதான் நாங்கள் சொல்லிக்கொண்டிருக்கிறோம். என் பிள்ளைக்கும் அப்படித்தான் சொல்லி வளர்த்தேன். அப்போது எங்களை மூழ்கடித்தது எது?

குன்றத்தூர்_முருகன்

அடையாறுதான் மேடம், அதன் மேல்பகுதி. ஆதனூர், மணிமங்கலம், படப்பை, ஒரத்தூர் என்று உங்களுக்கு மேலே இருக்கும் ஏரிகள் எல்லாம் நிரம்பி வழிந்து வந்த தண்ணீர். டிசம்பர் 1-ஆம் தேதி காலையிலிருந்து மறுநாள் காலைக்குள் தாம்பரத்தில் மட்டும் 49 சென்டிமீட்டர் மழை. அதற்கு முந்தைய மாதம் நுங்கம்பாக்கத்தில் 1,049 மில்லிமீட்டர், 1918 நவம்பரில் பெய்த 1,088-க்கு அப்புறம் அதுதான் பெரிய நவம்பர். நிலம் ஏற்கெனவே ஊறிப்போய்க் கிடந்தது. செம்பரம்பாக்கம் ஏரியைத் திறப்பதைத் தவிர அன்றைக்கு யாருக்கும் வேறு வழியே இருக்கவில்லை.

கொளத்தூர்_தினேஷ்

இதைத்தான் சொன்னேன். துறையில் சம்பளம் வாங்கியவர் துறையைத்தான் காப்பாற்றுவார். நூறு வருட மழை, இயற்கைச் சீற்றம், வேறு வழியில்லை, முடிந்தது கதை. தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கை என்ன சொன்னது? 2018-ல் சட்டமன்றத்தில் வைத்தார்களே, அது மனிதர்களால் உண்டான பேரழிவு என்று சொல்லவில்லையா?

சட்டம்_படிக்கும்_பெண்

குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். நீதிமன்றத்தில் இதற்கு நல்ல பழக்கம் ஒன்று இருக்கிறது. 1872 சாட்சியச் சட்டம் முதல், 2024 ஜூலையில் அதன் இடத்துக்கு வந்த புதிய சட்டம் வரை, இந்த இடத்தில் அடிப்படை ஒன்றுதான். பார்த்ததைப் பற்றிச் சொல்ல வருபவர், தானே பார்த்தவராக இருக்க வேண்டும். சாட்சியின் அபிப்பிராயத்தைப் பொதுவாகக் கேட்க மாட்டார்கள், அந்தத் துறை நிபுணர் என்றால் கேட்பார்கள், அப்போதும் எதை வைத்து அந்த முடிவுக்கு வந்தீர்கள் என்று குறுக்கு விசாரணை உண்டு. சாட்சி எதிர்த்தரப்புக்காரருக்கு உறவினர் என்பதற்காக மட்டும் அவர் சொன்ன எல்லாவற்றையும் கிழித்துப் போட மாட்டார்கள், கூடுதல் கவனத்தோடு படிப்பார்கள்.

முருகன் சார் எழுதியதை அப்படிப் பார்த்தால், கால்வாய் திருநீர்மலையில் சேர்கிறது என்பதை அவர் சொன்னதற்காக நம்ப வேண்டியதில்லை, வாசுகி அக்கா வரைபடத்தில் பார்த்துவிட்டார். மழை அளவு வானிலைத் துறைப் பதிவில் இருக்கிறது. "வேறு வழியே இருக்கவில்லை" என்ற கடைசி வாக்கியம் மட்டும் அந்த வகை இல்லை.

குன்றத்தூர்_முருகன்

பாப்பா சொல்வது சரி. அந்த வரி என் அபிப்பிராயம், அதை அபிப்பிராயம் என்று சொல்லி எழுதியிருக்க வேண்டும். நான் அந்த வாரம் மூன்று ராத்திரி வீட்டுக்குப் போகாமல் கரையில் நின்றவன். என் கூட நின்றவர்களைக் கொலைகாரர்கள் என்று யாராவது எழுதினால் எனக்குத் தாங்காது. அந்தத் தாங்காமை என் வாக்கியத்துக்குள் வந்துவிட்டது.

தினேஷ் கேட்டதற்கும் பதில் சொல்கிறேன். ஆமாம், தணிக்கை அறிக்கை அப்படித்தான் சொன்னது. அது ஆவணங்களைப் பார்த்து, கேள்வி கேட்டு, காரணம் எழுதி வந்த முடிவு. டீக்கடையில் பேசுவதும் அதுவும் ஒன்றில்லை. ஆனால் 29,000 என்பது ஒரு அளவு, மனிதர்களால் உண்டான பேரழிவு என்பது பல அளவுகளை வைத்து ஒரு அமைப்பு எடுத்த தீர்மானம். எனக்கு அதில் சில இடம் ஒப்பவில்லை, சில இடம் ஒப்புகிறது. ஏரிகளிலும் ஆற்றோரத்திலும் நடந்த ஆக்கிரமிப்பைப் பற்றி யார் எழுதினாலும் நான் மறுக்க மாட்டேன், என் கண்ணால் பார்த்தேன்.

கொளத்தூர்_தினேஷ்

சரி சார், இப்படிப் பேசினால் நானும் கேட்பேன். நூறு வருட மழை என்ற தகவலை நான் ஏன் கோபத்தோடு படித்தேன் என்றால், அதைச் சொன்னவர்கள் எல்லோரும் அதற்கப்புறம் கேள்வி கேட்காதே என்ற அர்த்தத்தில் சொன்னார்கள். எண் சரி, அதை வைத்துக் கட்டியதுதான் எனக்கு ஆகவில்லை. இரண்டையும் சேர்த்தே வீசிவிட்டேன்.

வேளச்சேரி_நிவேதா

இந்த இழையைப் படித்ததும் முதலை ஞாபகம் வந்தது. 2015 வெள்ளத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலை முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பித்து ஊருக்குள் வந்துவிட்டன என்று பரவியது. பண்ணைக்காரர்கள் மறுத்தார்கள், ஒன்றுகூடத் தப்பவில்லை. நான் அதைச் சரிபார்த்து, குடும்பக் குழுவில் எல்லோரையும் திருத்தினேன், அதில் எனக்கு ஒரு பெருமையும் இருந்தது.

2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். பெருங்களத்தூர் நெடுங்குன்றம் பக்கம் ஒரு முதலை சாலையைக் கடக்கும் வீடியோ வந்தது. பார்த்த உடனே, பழைய கதை, போலி, யாரும் பகிராதீர்கள் என்று எழுதினேன். ஒரு நிமிடம்கூடத் தேடவில்லை. அது உண்மை வீடியோ. வனத்துறைச் செயலரே சொன்னார், சென்னையின் சில நீர்நிலைகளில் சதுப்பு முதலைகள் வாழ்கின்றன, வெள்ளம் வழிந்ததில் ஒன்று வெளியே வந்திருக்கிறது என்று. என் சித்தி வீடு நெடுங்குன்றத்தில்தான் இருக்கிறது, என் பேச்சைக் கேட்டுச் சித்தப்பா அந்த இருட்டில் பைக்கை எடுத்துக்கொண்டு பால் வாங்கப் போனார். ஒன்றும் ஆகவில்லை. ஆனால் நம்புகிறவர்களுக்கு இருக்கும் சாய்வு மாதிரியே, நம்பாமல் இருப்பதில் பழகிப்போனவர்களுக்கும் இருக்கிறது என்று அன்றைக்குத் தெரிந்தது.

கணக்கு_டீச்சர்_பெரம்பூர்

நிவேதா எழுதியதற்குப் பொருத்தமான ஒன்றை வகுப்பில் வருடாவருடம் செய்வேன். பீட்டர் வேசன் என்ற உளவியலாளர் 1960-ல் செய்த சோதனை. பலகையில் 2, 4, 6 என்று எழுதுவேன். இந்த மூன்றும் ஒரு விதிக்குள் வருகின்றன, விதியைக் கண்டுபிடியுங்கள், நீங்கள் வேறு மூன்று எண் சொல்லிச் சொல்லிக் கேட்கலாம், விதிக்குள் வருமா வராதா என்று மட்டும் சொல்வேன்.

முதல் பெஞ்சில் ஒரு பையன் 8, 10, 12 என்பான். வரும். 20, 22, 24. வரும். 100, 102, 104. வரும். உடனே எழுந்து "இரண்டிரண்டாகக் கூடும் இரட்டை எண்" என்பான். தப்பு. விதி வெறும் ஏறுவரிசை, அவ்வளவுதான். 1, 7, 50 என்றாலும் வரும். போன வருடம் பின்வரிசையில் ஒரு பெண், வாயே திறக்காதவள், "மிஸ், 6, 4, 2 வருமா?" என்று கேட்டாள். வராது என்றேன். அடுத்து "1, 2, 3?" வரும். "1, 2, 90?" வரும். மூன்றே கேள்வியில் பிடித்துவிட்டாள். வகுப்பில் அவள் ஒருத்திதான் "வராது" என்ற பதிலை வாங்கக் கேள்வி கேட்டவள். மற்ற எல்லோரும் தங்கள் ஊகத்துக்கு ஆமாம் போடும் எண்களையே கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

செய்தி படிக்கும்போது நாமும் அந்த முதல் பெஞ்சுப் பையன் மாதிரிதான். நமக்கு ஏற்கெனவே கோபம் இருக்கும் ஆளைப் பற்றிப் பத்துச் செய்தி படித்துவிட்டு, பத்தும் ஒத்துப்போகிறதே என்போம். நான் நினைப்பது தப்பாக இருந்தால் எந்தத் தகவல் கண்ணில் பட வேண்டும் என்று ஒரு தடவை தேடிப் பார்த்தால் போதும்.

ஏரி எண்களிலேயே பழகலாம். பூண்டி, சோழவரம், புழல், கண்ணன்கோட்டை தேர்வாய் கண்டிகை, செம்பரம்பாக்கம் ஐந்தும் சேர்த்துக் கொள்ளளவு 11.757 டிஎம்சி. பாதி இருக்கிறது என்று வையுங்கள். ஒருவர் "பாதி மட்டுமே இருக்கிறது" என்பார், இன்னொருவர் "பாதி நிரம்பிவிட்டது" என்பார். 2019 ஜூனோடு ஒப்பிட்டால் எந்த வருடமும் செழிப்பாகத் தெரியும், அப்போது ஏரிகள் வறண்டு வெடித்துக் கிடந்து, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. எதோடு ஒப்பிடுகிறார்கள் என்று பார்க்காமல் "மட்டுமே" என்ற சொல்லை நம்பக் கூடாது.

அயனாவரம்_சலீம்

எல்லோரும் வெள்ளத்தைப் பற்றியே பேசுவதால் ஒன்றை நினைவுபடுத்துகிறேன். 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், குலதெய்வக் கோயிலுக்குப் போன சென்னைக் குடும்பம் ஒன்று வழி கேட்டு நின்றது, குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்தது. பிள்ளை பிடிக்கிறவர்கள் என்று ஊர் சூழ்ந்துகொண்டது. 65 வயது அம்மா ஒருவரை அடித்தே கொன்றார்கள். அந்த வாரங்களில் எல்லாக் குழுவிலும் பிள்ளை பிடிப்பவர் பற்றி ஆடியோ சுற்றிக்கொண்டிருந்தது. கண்ணால் பார்த்தது என்ன? ஒரு பெரியம்மா சாக்லேட் நீட்டினார். அவ்வளவுதான் தகவல். மிச்சம் முழுவதையும் போன் கொடுத்தது. அந்த ஜூலையில்தான் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேர் அல்லது குழுக்களுக்கு மேல் முன்னனுப்ப முடியாது என்று வாட்ஸ்அப் கட்டுப்பாடு கொண்டுவந்தது.

வாசுகி சிஸ்டர், உங்கள் செய்தியில் கடைசி வரி "அனைவருக்கும் பகிரவும்". எனக்கு அதுதான் முதல் அறிகுறி. உண்மையான வெள்ள எச்சரிக்கையில் எந்த நேரம், எத்தனை கன அடி, எந்த முகாமுக்குப் போக வேண்டும், எந்த எண்ணுக்குப் பேச வேண்டும் என்று இருக்கும்.

முடிச்சூர்_வாசுகி

எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி எங்கள் குழுவில் ஒன்று எழுதினேன். எழுதி எழுதி அழித்தேன், ஏனென்றால் முதலில் எழுதியதில் "பொறுப்பில்லாமல்" என்று ஒரு சொல் இருந்தது, பிழைதிருத்தி ஐயா ஞாபகத்துக்கு வந்தார், எடுத்துவிட்டேன். கடைசியில் இப்படி அனுப்பினேன்:

"போன மழையில் வந்த செம்பரம்பாக்கம் செய்தியைப் பற்றி. அன்று திறந்தது விநாடிக்கு 100 கன அடி. மாலையே அறிவிப்பு வந்தது. அந்த ஏரியின் தண்ணீர் திருநீர்மலையில் ஆற்றில் சேர்கிறது, நமக்குக் கீழே. நம் தெருவுக்குத் தண்ணீர் வந்தால் ஆதனூர், மணிமங்கலம் பக்கமிருந்து வரும். வரைபடம் இணைத்திருக்கிறேன். நீங்களும் பாருங்கள். நாம் பார்க்க வேண்டியது அந்தப் பக்கத்து ஏரிகளைத்தான் என்பது என் கருத்து."

செய்தியைப் போட்டவர் எங்கள் பின்வீட்டு அண்ணன்தான். காலையில் வீட்டுக்கே வந்தார். அவர் மச்சினர் அனுப்பியது, மச்சினருக்கு ஆபீஸில் யாரோ அனுப்பியது. மச்சினர் போனில் அதற்கு முந்தைய செய்தியையும் தேடி எடுத்துக் காட்டினார். அதில் "திறக்கப்படலாம் என்று தெரிகிறது" என்றுதான் இருந்தது ஐயா. அண்ணன் அம்மாவின் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு ரொம்ப நேரம் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தார். 2015-ல் அவர் வீட்டில் எங்களைவிட அதிகமாகப் போனது, அவர் ஏன் பயந்து அனுப்பினார் என்று எனக்குப் புரிகிறது.

முருகன் சார், ஒரு கேள்வி பாக்கி. பெரிய ஏரிகளின் அளவைக் குடிநீர் வாரியம் தினமும் இணையதளத்தில் போடுகிறது, பார்த்துவிட்டேன். ஆதனூர் மாதிரி ஏரிக்கு நாங்கள் எதைப் பார்ப்பது?

குன்றத்தூர்_முருகன்

கலங்கலைப் பாருங்கள் மேடம். ஏரி நிரம்பினால் தண்ணீர் வழிகிற கல் கட்டு. எத்தனை கல் வரிசை தண்ணீருக்கு மேலே தெரிகிறது என்று எண்ணினால் இன்னும் எவ்வளவு இடம் இருக்கிறது என்று தெரியும். அதை யாரிடமும் கேட்க வேண்டியதில்லை, கண்ணால் பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமை காலை ஆதனூர்க் கரைக்கு வருகிறேன், பின்வீட்டு அண்ணனையும் கூட்டி வாருங்கள். கரை ஓரம் சேறாக இருக்கும், அம்மாவுக்கு நல்ல செருப்பு போட்டுவிடுங்கள்.

கொளத்தூர்_தினேஷ்

எத்தனை மணிக்கு சார்? நானும் வருகிறேன்.